உறையின் மேல் ஒரு பெயர்

1854-ம் வருஷம் அக்டோபர் 1-ம் தேதிக்கு முந்திய இந்தியாவில் கடிதம் என்பது பல சமயம் பெறுகிறவன் காசு கொடுத்து வாங்கவேண்டிய சரக்கு. 1837-ம் வருஷச் சட்டத்தால் தபால் கம்பெனி சர்க்காரின் ஏகபோகமாகியிருந்தது. கூலி தூரத்தையும் எடையையும் பொறுத்தது. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலாவுக்கு ஒரு ரூபாய். அந்த ரூபாயை அனுப்புகிறவனே கொடுத்துவிடலாம். வாங்குகிறவன் தலையிலும் கட்டலாம். 1854-ல் தபால்தலை வந்தது. கால் தோலாக் கடிதம் இந்தியாவின் எந்த மூலைக்குப் போனாலும் அரை அணா. அதை முன்கூட்டியே ஒட்ட வேண்டியது அனுப்புகிறவன் பொறுப்பு. ஒட்டாமல் போட்டால் பெறுகிறவனிடம் இரட்டிப்பாக வசூல். அவன் வேண்டாமென்றால் கடிதம் திரும்பிவிடும். நம் பக்கத்தில் இதற்கு ‘நாட்பெய்டு’ என்று பெயர். ஆகாதவனுக்கு நாட்பெய்டில் வசைக் கடிதம் எழுதுவது ஒரு காலத்து வேடிக்கை. வசையையும் வாங்கிக்கொண்டு அதற்குக் காசும் கொடுக்க வேண்டும் அவன்.

தபால்தலை சேகரிக்கிறவர்கள் இந்த மாற்றத்துக்குக் கொடுக்கிற முக்கியத்துவத்தைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் கொடுத்ததாகத் தெரியவில்லை. முன்பின் தெரியாத ஒருவனிடம் பேச வேண்டுமானால் முதலில் அரை அணா செலவழித்துவிட்டுப் பேசு என்பது அதன் அர்த்தம். அரை அணா சின்னத் தொகைதான். ஆனால் ஆயிரம் பேரிடம் பேசுகிறவனுக்கு அது ஐநூறு அணா, அதாவது முப்பத்தொரு ரூபாய்க்கு மேல். அந்தச் செலவே ஒரு சல்லடை. யாரும் திட்டமிட்டு வைத்த சல்லடை அல்ல அது. கூலி வசூலிக்கிற சௌகரியத்துக்காக வந்து, இலவச இணைப்பாகக் கிடைத்த நன்மை.

இங்கிலாந்தில் ரோலண்ட் ஹில் 1840-ல் பென்னித் தபாலைக் கொண்டுவந்தபோது வழங்கிய கதை ஒன்று உண்டு. ஏரி மாவட்டத்தில் ஒரு பெண், தன் சகோதரனிடமிருந்து வந்த கடிதத்தைப் பணமில்லை என்று திருப்பித் தரப்போவதைக் கவி கோல்ரிட்ஜ் பார்த்து இரக்கப்பட்டுத் தாமே காசு கொடுத்து வாங்கித் தருகிறார். பிரித்தால் உள்ளே வெற்றுத்தாள். கடிதம் வந்தாலே சகோதரன் நலமாயிருக்கிறான் என்று அர்த்தமாம், அவர்களுக்குள் ஏற்பாடு. கதை நடந்ததோ இல்லையோ, அதிலுள்ள சங்கதி நமக்குப் புதிதல்ல. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கவரையும் மூலையில் கறுப்பு தடவிய கார்டையும் பிரிக்காமலே படித்தவர்கள் நாம். கறுப்பு தடவியதைப் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது பாட்டிமார் சட்டம். ஆக, எதை வீட்டுக்குள் விடலாம், எதை வாசலோடு நிறுத்தவேண்டும் என்ற பட்டியல் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கடிதத்தை ஏற்பதும் தள்ளுவதும் இரண்டு விஷயங்களைப் பொறுத்திருக்கிறது. கூலி யாருடையது என்பது ஒன்று. உறையின் மேலுள்ள பெயர் மெய்யானதா என்பது இன்னொன்று. மின்னஞ்சல் இந்த இரண்டையும் தொடக்கத்திலேயே கைவிட்டது. பிறகு ஒவ்வொன்றாக மீட்டுக்கொள்ள ஐம்பது வருஷமாகப் படாதபாடு படுகிறது. இன்று எல்லோருடைய மின்னஞ்சல் பெட்டியிலும் இருக்கிற ‘அனுமதிப் பட்டியல்’, ‘தடைப் பட்டியல்’ என்ற இரண்டு சின்ன ஏற்பாடுகள் இந்தப் பாட்டின் மிச்சங்கள்.

இதை நெய்வேலியிலிருந்து பார்ப்பதில் ஒரு காரணம் இருக்கிறது. நெய்வேலி கடிதத்தால் ஆன ஊர். 1956 நவம்பரில் கம்பெனி பதிவாகி, 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, 1961 ஆகஸ்டில் முதல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டு, அடுத்த வருஷம் மின்சாரமும் வந்தது. அப்போது இங்கே வேலைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் சொந்த ஊர் வேறு எங்கோ இருந்தது. ஊர் வேறு, வீடு கம்பெனியுடையது, விலாசம் வட்டம் எண்ணும் குவார்ட்டர்ஸ் எண்ணும். 1972-ல் பின்கோடு வந்தபோது அதனோடு 607801 சேர்ந்துகொண்டது. தெரு இருக்கிறது, தெருவுக்குப் பெயரும் இருக்கிறது, ஆனால் அந்தத் தெருவில் பிறந்த தாத்தா யாருக்கும் இல்லை. ரிடையராகிற அன்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தால் விலாசமும் காலி. எதிர்ப்பக்கத்தில் சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த கிராமங்கள். அவர்களுக்கு ஊர் போய்விலாசம் மாறியது. இந்த இரண்டு சாராருக்கும் பொதுவாக ஒரு கடிதம் இருந்தது: வேலைக்கான ஆர்டர். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் கார்டு, இண்டர்வியூ கார்டு, ரிஜிஸ்தர் தபாலில் நியமன உத்தரவு. அதற்குக் கையெழுத்துப் போட வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே என்று மத்தியானத்தில் வெளியே போகாதவர்கள் உண்டு.

அந்தக் கடிதம் இப்போது மின்னஞ்சலாக வருகிறது. அப்ரண்டிஸ் சேர்க்கை ஆகட்டும், வேறு பரீட்சை ஆகட்டும், விண்ணப்பத்தில் மின்னஞ்சல் விலாசம் கேட்கிறார்கள். பையனுக்கு விலாசம் கிடையாது. பிரவுசிங் சென்டர்காரர் ஒன்று உண்டாக்கித் தருகிறார். பாஸ்வேர்டு அவர் நோட்டுப் புத்தகத்தில். அந்தப் பெட்டிக்கு முதன்முதலாக வருகிற கடிதமே அந்த அழைப்பாக இருக்கலாம். யந்திரத்தைப் பொறுத்தவரை அது முன்பின் தெரியாத ஒருவர், ஒரே சமயத்தில் பல ஆயிரம் பேருக்கு, ஒரே வாசகத்தில் அனுப்பிய கடிதம். குப்பைக்கு யந்திரம் வைத்திருக்கிற லட்சணங்களில் முக்கால்வாசி அதில் பொருந்தும். போய் ஸ்பாம் பெட்டியில் விழுந்தால் ஆச்சரியப்படுவதற்கில்லை. பையன் இன்பாக்ஸை மட்டும் பார்த்துவிட்டு, வரவில்லை என்று வீட்டுக்குப் போய்விடுகிறான்.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ரிஜிஸ்தர் தபாலை ‘வாங்க மறுத்தார்’ என்று தபால்காரர் எழுதித் திருப்பினால், 1897-ம் வருஷப் பொது வாசகங்கள் சட்டத்தை வைத்துக் கோர்ட்டுகள் அதைச் சேர்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ளும். மறுக்க உனக்கு உரிமை உண்டு, தெரியாது என்று சொல்ல உரிமை இல்லை. நியாயம்தான், மறுத்தவனுக்கு மறுத்தது தெரியும். ஆனால் 2000-ம் வருஷத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 13-வது பிரிவுப்படி, வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், பெறுபவர் குறித்துக்கொடுத்த கம்ப்யூட்டருக்குள் மின் ஆவணம் நுழைந்த கணமே அது பெறப்பட்டதாகிவிடும். எந்தப் பெட்டியில் போய் விழுந்தது என்பது அங்கே பேச்சில்லை. மறுத்தது யந்திரம். தெரிந்ததாகக் கணக்கு பையன் பேரில்.

*

தடைப் பட்டியல் என்ற யோசனை குப்பைக் கடிதத்துக்கு முன்பே பிறந்துவிட்டது என்பது இந்தச் சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று. 1975 நவம்பரில், அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிப் பணத்தில் நடந்துகொண்டிருந்த ஆர்ப்பாநெட் என்ற வலையில் சில டஜன் கம்ப்யூட்டர்களே இருந்த காலத்தில், ஜான் போஸ்டல் என்பவர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். (பெயர் ‘தபால்’ மாதிரி ஒலிப்பது தற்செயல்.) ஆர்.எஃப்.சி. 706 என்று அதற்கு எண். அவர் சொன்னது இது: நமக்கு வருகிற செய்திகளில் இன்னாரிடமிருந்து வருவது வேண்டாம் என்று சொல்ல இப்போது வழியில்லை. வேண்டியது ஒன்றைப் படிக்க வந்ததெல்லாவற்றையும் படித்தாக வேண்டும். ஏதோ ஒரு கம்ப்யூட்டர் கெட்டுப்போய் ஓயாமல் அனுப்பினால், அல்லது சும்மா தொந்தரவு செய்தால்கூட, அதை மறுக்கிற வசதி வேண்டும். ‘சும்மா தொந்தரவு செய்தால்கூட’ என்பதை அவர் சேர்த்திருப்பது கவனத்துக்குரியது. பழுதை மறுக்கப் பொறியியல் போதும். தொந்தரவை மறுப்பதற்கு, தொந்தரவு எது என்று தீர்மானிக்க ஒருவன் வேண்டும்.

மூன்று வருஷம் கழித்து, 1978 மே மாதம் 3-ம் தேதி, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனைக்காரர் கேரி துயர்க், கலிபோர்னியாவில் தங்கள் புதிய யந்திரத்தைப் பார்க்க வரும்படி ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். ஆர்ப்பாநெட் உபயோகிப்பவர்களின் அச்சிட்ட டைரக்டரியைப் பார்த்து விலாசங்களைக் கையால் அடித்தார்கள். விலாசங்கள் அதற்கான இடத்தில் கொள்ளாமல் வழிந்து கடிதத்தின் உள்ளேயே விழுந்துவிட்டன. பெற்றவர்கள் விஷயத்துக்கு வருமுன் பக்கம் பக்கமாகப் பிறர் விலாசங்களைப் படிக்க வேண்டியிருந்தது. கண்டனங்கள் வந்தன. துயர்க்குக்கு ஆர்டர்களும் வந்தன. இரண்டாவது செய்திதான் பிற்பாடு நின்றது.

1982 ஆகஸ்டில் இதே போஸ்டல் மின்னஞ்சல் போக்குவரத்துக்கான விதிகளை எழுதினார். எஸ்.எம்.டி.பி. என்ற அந்த ஏற்பாட்டின் மேல்தான், பல ஒட்டுகளோடு, இன்றைய மின்னஞ்சலும் நடக்கிறது. அதில் அனுப்புநர் பெயர் என்ற இடத்தில் அனுப்புகிறவன் எதை எழுதினாலும் யந்திரம் நம்பிக்கொள்ளும். ஏழு வருஷம் முன்பு மறுக்கும் உரிமையைப் பற்றிக் கவலைப்பட்டவர் இதை விட்டது எப்படி என்று கேட்கலாம். அந்த வலையில் இருந்தவர்கள் பல்கலைக்கழகத்தார், ஆராய்ச்சிக் கூடத்தார். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அக்கிரகாரத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்கிற மாதிரி. தபால் நிலையத்தில் போட்ட கடிதத்துக்காவது எந்த ஊரில் போட்டது, எந்தத் தேதி என்ற முத்திரை உண்டு. பெயர் பொய்யென்றாலும் முத்திரை பொய் சொல்லாது. மின்னஞ்சலில் பெயரைத் தவிர மற்ற தடயங்கள் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தன.

தனி மனிதன் தன் கையால் வைத்துக்கொண்ட முதல் தடைப் பட்டியல்களில் பேர்போனது 1984-ல் லாரி வால் எழுதிய ‘ஆர்.என்.’ என்ற படிப்பானில் இருந்தது. யூஸ்நெட் என்ற பொது விவாத வலையில் வருகிற கட்டுரைகளைப் படிப்பதற்கான ப்ரோகிராம் அது. இன்ன பெயரில் வருவது, இன்ன தலைப்பில் வருவது என் கண்ணில் படவே வேண்டாம் என்று ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடலாம். கில் ஃபைல் என்று பெயர், கொலைக் கோப்பு. பெயரின் குரூரம் ஒரு பக்கம் இருக்க, காரியம் சாதுவானது. கொல்லப்பட்டவன் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பான், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்கு மட்டும் அவன் இல்லை. யாருக்கும் தீங்கில்லாத மறுப்பு அது. கல்யாண வீட்டில் ஆகாத உறவுக்காரர் உட்கார்ந்திருக்கிற பந்தியைத் தவிர்த்து அடுத்த பந்தியில் உட்காருவதில்லையா, அதுபோல.

கொலைக் கோப்பு வேலை செய்ததற்குக் காரணம், எரிச்சலூட்டுகிறவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் எரிச்சலூட்டினார்கள் என்பது. தன் பெயரில் பேச வேண்டும், தன் அபிப்பிராயத்துக்குத் தானே பொறுப்பு என்ற அசட்டுக் கௌரவம் அவர்களிடம் இருந்தது. விற்க வந்தவனுக்கு அது கிடையாது. 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் குடியேற்ற வக்கீல்கள் இருவர் ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் போட்டபோது இது ஊரறிந்தது. அதற்குப் பின் வந்தவர்கள் காலையில் ஒரு பெயர், மாலையில் ஒரு பெயர் என்று வந்தார்கள். பெயரைத் தடுப்பது நிழலை அடிப்பதாயிற்று. இன்றும் பலர் நூற்றுக்கணக்கான விலாசங்களைத் தடைப் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு தடவை உபயோகித்து எறியப்பட்ட பெயர்கள். அந்தப் பட்டியல் எவரையும் தடுப்பதில்லை. அது ஒரு மயான ரிஜிஸ்தர். தடைப் பட்டியலுக்கு உண்மையில் அகப்படுகிறவன், பெயரை மாற்றிக்கொள்ளாதவன் மட்டுமே: விடாமல் எழுதுகிற முன்னாள் சிநேகிதன், ஒரு தடவை சட்டை வாங்கிய கடை, தினமும் மேற்கோள் அனுப்புகிற சித்தப்பா.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இண்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். மூலம் வந்தது. மணிக்கணக்கு வைத்து விற்றார்கள். டெலிபோன் கம்பியில் மோடம் கூவி, தொடர்பு கிடைத்து, கடிதங்கள் ஒவ்வொன்றாக இறங்கும்வரை வி.எஸ்.என்.எல். மணியும் ஓடும், டெலிபோன் மீட்டரும் ஓடும். இறங்குவதில் பாதி வேண்டாத கடிதம் என்றால் அதற்கான கூலியை யார் கொடுத்தது? பெறுகிறவன். அனுப்பியவனுக்கு ஒன்றும் ஆயிரமும் ஒரே செலவு. 1854-ல் ஒழித்த நாட்பெய்டு 141 வருஷம் கழித்து அப்படியே திரும்பி வந்தது, ஒரு வித்தியாசத்தோடு. நாட்பெய்டு கவரை வாங்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். இதைக் காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் வேண்டாம் என்று சொல்ல முடியும்.

*

தனி மனிதன் பட்டியல் தோற்றபோது கூட்டுப் பட்டியல் வந்தது. 1997-ல் பால் விக்ஸி என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும், குப்பை அனுப்புகிற, அல்லது அனுப்ப இடம் கொடுக்கிற, கம்ப்யூட்டர்களின் எண்களைத் தொகுத்து ஒரு பட்டியல் நடத்த ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் ஸ்பாம்ஹவுஸ் வந்தது. எந்த மின்னஞ்சல் நிலையமும் இந்தப் பட்டியலைக் கேட்டு, அதிலுள்ளவர்களின் கடிதத்தை வாசலிலேயே திருப்பிவிடலாம். பலன் இருந்தது, சந்தேகமில்லை. இன்றும் இந்த மாதிரிப் பட்டியல்கள் இல்லாமல் மின்னஞ்சல் நடக்காது. ஆனால் இது கொலைக் கோப்பு அல்ல. இதற்கு நம் பாஷையில் சரியான வார்த்தை இருக்கிறது: ஊர்விலக்கு. தள்ளிவைத்த வீட்டுக்குத் தண்ணீரும் நெருப்பும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் கொடுத்தவனும் விலக்கு. எண் வரிசையில் பக்கத்தில் இருந்த குற்றத்துக்காக, குப்பை அனுப்பாத சின்ன நிலையங்களும் சேர்ந்து தடைப்பட்டன. விலக்கப்பட்டவனுக்குத் தான் விலக்கப்பட்டது கடைசியில்தான் தெரிகிறது. பஞ்சாயத்து எங்கே கூடியது என்றே தெரியாதபோது யாரிடம் போய் அபராதம் கட்டி மீள்வது?

சர்க்காரும் ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தது. 2008-ல் திருத்தி 2009 அக்டோபரில் அமுலான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில் மூன்றாவது உட்பிரிவு ஒன்று: பெறுபவருக்கு எரிச்சலோ அசௌகரியமோ உண்டாக்குவதற்காக, அல்லது எங்கிருந்து வந்தது என்பதில் அவரை ஏமாற்றுவதற்காக மின்னஞ்சல் அனுப்பினால் மூன்று வருஷம் வரை சிறை. குப்பைக் கடிதத்தைத் தொட்ட இந்தியச் சட்ட வாசகம் என்று சொல்வதற்கு இருந்தது இதுதான். இதன் கீழ் எத்தனை குப்பை வியாபாரிகள் உள்ளே போனார்கள் என்று தேடுவது வீண்வேலை. நெய்வேலிக்கு அந்தண்டை இருக்கிற புதுச்சேரியில், 2012 அக்டோபரில், அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதிய சிறுதொழில்காரர் இதே 66-ஏ-யில் கைதானார். எரிச்சல் என்ற சொல்லைச் சட்டத்தில் வைத்தால் யாருடைய எரிச்சல் செல்லுபடியாகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை. 2015 மார்ச் 24-ல் சுப்ரீம் கோர்ட் பிரிவு முழுவதையும் ரத்து செய்தது. ‘எங்கிருந்து வந்தது என்பதில் ஏமாற்றுவது’ என்ற பாதி, உண்மையாகவே தேவைப்பட்ட பாதி, ‘எரிச்சல்’ என்ற மற்றப் பாதியோடு சேர்ந்து போனது.

டெலிபோனுக்கு மட்டும் ஏற்பாடு கொஞ்சம் தேவலை. 2007-ல் தொந்தரவு வேண்டாதவர்கள் பதிவேடு. பிறகு 1909 என்ற எண். 2018 விதிகளில், வியாபார எஸ்.எம்.எஸ். அனுப்புகிறவர்கள் தங்கள் பெயர்த் தலைப்பையே பதிவு செய்ய வேண்டும் என்று வந்தது. மின்னஞ்சலுக்கு இது எதுவும் கிடையாது.

யந்திரமே படித்துத் தீர்மானிக்கட்டும் என்பது அடுத்த யோசனை. 1998-லேயே ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருந்தார்கள் என்றாலும், 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் எழுதிய ஒரு கட்டுரைதான் பரவியது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரியார் தாமஸ் பேயஸின் நிகழ்தகவுக் கணக்கை வைத்து, குப்பையில் அதிகம் வருகிற வார்த்தை எது, வேண்டிய கடிதத்தில் வருகிற வார்த்தை எது என்று எண்ணிப் பார்த்து முடிவுசெய்வது. அவர் ஒன்றை அழுத்திச் சொன்னார்: ஒவ்வொருவர் யந்திரமும் அவரவர் கடிதங்களைப் படித்தே பழக வேண்டும். ஒருவனுக்குக் குப்பை இன்னொருவனுக்கு உத்தியோகம். பெரிய கம்பெனிகள் கணக்கை எடுத்துக்கொண்டன, இந்த நிபந்தனையைப் பின்தள்ளிவிட்டன. நீங்கள் ‘ஸ்பாம்’ என்று ஒரு கடிதத்தை அழுத்தினால் அது உங்கள் பெட்டியோடு நிற்பதில்லை, அனுப்பியவருக்கு எதிராக ஒரு ஓட்டாகவும் விழுகிறது. தூக்கக் கலக்கத்தில் அழுத்தினாலும் ஓட்டு ஓட்டுதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனிச் சங்கடம் இருந்தது. யூனிகோடு நிலைக்குமுன் டிஸ்கி என்றும், 1999-ல் சென்னை மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்றும் பல எழுத்துமுறைகள். அதற்கான ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ்க் கடிதம் ஒட்டுமொத்தமாகக் கிறுக்கல். மனிதனுக்கே கிறுக்கலென்றால் யந்திரம் என்ன நினைக்கும்? 2001-ல் வந்து பிரபலமான ஸ்பாம் அஸாஸின் என்ற வடிகட்டியில், தூரதேசத்து எழுத்துமுறைக் கடிதத்துக்குக் குற்ற மதிப்பெண் போடுகிற விதி ஒன்று இருந்தது. வேண்டுகிறவர்கள் தங்கள் பாஷைகளைக் குறித்து அதை இயக்கிக்கொள்ளலாம். நமக்கு அடுத்த வீடு, அதற்குத் தூரதேசம். சிநேகிதர்கள் பெயரை ஒவ்வொன்றாக அனுமதிப் பட்டியலில் எழுதி வைக்க வேண்டிய தேவை இங்கிருந்து வந்தது.

என் அபிப்பிராயத்தில் இந்த இரண்டில் முக்கியமானது அனுமதிப் பட்டியல்தான். தடைப் பட்டியல் தவறினால் ஒரு குப்பை அதிகம், தள்ளிவிட்டுப் போகலாம். அனுமதிப் பட்டியல் இல்லாமல் போனால், வேலைக்கான ஆர்டர் போகிறது. ஆனால் அதற்கு உறையின் மேலுள்ள பெயர் மெய்யாக இருக்க வேண்டும். அந்த வேலை மெதுவாக நடந்திருக்கிறது. இன்ன பெயரில் அனுப்ப இன்ன கம்ப்யூட்டருக்கே அதிகாரம் என்று அறிவிக்கிற எஸ்.பி.எஃப்., கடிதத்துக்குக் கணித முத்திரை போடுகிற டிகிம் (2007), இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று பெயருக்கு உடையவரே சொல்லிவைக்கிற டிமார்க் (2012). 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும், மொத்தமாக அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்திருந்தே ஆகவேண்டும் என்றார்கள். போஸ்டல் விட்ட தபால் முத்திரை 42 வருஷம் கழித்து வந்து சேர்ந்தது.

முத்திரை வந்தும் மோசடி நிற்காததற்குக் காரணம் நம் கண். திரையில் பெரிய எழுத்தில் தெரிகிற பெயர் ஒன்று. அதற்குப் பின்னால் சின்னதாக ஒளிந்திருக்கிற விலாசம் வேறு. முத்திரை விலாசத்துக்குத்தான், பெயருக்கு அல்ல. பொதுத்துறை ஸ்தாபனத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, நியமன உத்தரவு தயார், டெபாசிட் கட்டு என்று வருகிற கடிதங்களைப் பற்றிப் பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் எச்சரிக்கை வெளியிட்டிருக்கின்றன. விலாசத்தை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். உரியவர் யார் என்பது கடைசிப் புள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள துண்டுகளில் இருக்கிறது (கோ.இன், ஜிஓவி.இன் என்று முடிந்தால் இன்னும் ஒரு துண்டு சேர்த்து), அதற்கு இடப்பக்கம் எந்தப் பிரபல கம்பெனியின் பெயரையும் எவனும் எழுதிக்கொள்ளலாம். ஒரு ஸ்தாபனத்தின் கடிதம் தவறாமல் வரவேண்டுமானால் அந்த முடிவை முழுதாக அனுமதிப் பட்டியலில் போடலாம். ஜிமெயில்.காம் என்ற முடிவை அப்படிப் போடுவது வீட்டுக் கதவைக் கழற்றிவைப்பதற்குச் சமம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் அதில் விலாசம் வாங்கலாம். சொந்த விலாசத்தையே அனுமதிப் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறவர்களும் உண்டு. தன் பெயரிலேயே தனக்குக் கடிதம் வருகிற தந்திரத்துக்கு அவர்கள் தாங்களே கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

அனுமதிப் பட்டியலுக்கும் ஒரு விலை உண்டு. பட்டியலில் உள்ளவர் தவிர யாருக்கும் இடமில்லை என்று வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நிம்மதியான பெட்டி அது. 1959-ல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியபோது இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்துக்கொண்டார். யாருக்குப் போகவேண்டும் என்பதில் கண்டிப்பு. யாரிடமிருந்து வரலாம் என்பதில் அல்ல. பேர் தெரியாதவர்களின் கவிதைகள் தபாலில் வந்து சேராமலிருந்தால் புதுக்கவிதை என்ற ஒன்றைப் பற்றி இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டோம். சிறுபத்திரிகையே பல வீடுகளில் கேளாமல் வந்து விழுந்த சாமான்தான். கேளாமல் வருவதெல்லாம் குப்பை என்ற இலக்கணத்தை யந்திரம் வைத்துக்கொள்ளட்டும், அதற்கு அவசரம். நாமும் வைத்துக்கொண்டால் முதல் கவிதை அனுப்புகிற பையனும் முதல் வேலைக்கு அழைக்கப்படுகிற பையனும் ஒரே பெட்டியில் போய் விழுவார்கள்.

அந்தப் பெட்டிக்கும் தபால் இலாகாவுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சேர்ப்பிக்க முடியாத கடிதத்துக்கு முன்பு டெட் லெட்டர் ஆபீஸ் என்றும் பிறகு ரிடர்ண்டு லெட்டர் ஆபீஸ் என்றும் ஒரு ஆபீஸ். அதிகாரம் பெற்ற குமாஸ்தா உறையைப் பிரித்து, உள்ளே அனுப்பியவர் விலாசம் அகப்படுகிறதா என்று பார்த்து, அகப்பட்டால் திருப்பி அனுப்புவார். கடிதம் சேரவில்லை என்பது எழுதியவனுக்காவது தெரிந்துவிடும். ரிஜிஸ்தர் தபால் என்ற பெயரே 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு கலந்துபோனது என்றாலும் சேராததைத் திருப்புவது நிற்கவில்லை. ஜிமெயிலின் ஸ்பாம் பெட்டியில் விழுந்த கடிதத்தை யாரும் திருப்புவதில்லை. அனுப்பியவருக்குப் போய்ச் சேர்ந்ததாகத்தான் கணக்கு. 30 நாள் அங்கே இருக்கும், பிறகு தானே அழிந்துவிடும். சான்றிதழ்களோடு நேரில் வரச்சொல்லும் அழைப்பில் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த நாளே கொடுத்திருக்கிறது.